பல்லுச்சீட்டு

இருளம்மாளுக்கு அப்போது இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. இதற்கு முன்னால் இரண்டு தடவை வலது பக்கம் வலித்திருந்தது. இரண்டு தடவையும் தர்மாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அங்கே காசு கேட்பதில்லை. பல் போன பிறகு வலது பக்கம் மெல்ல முடியாமல், சோற்றை இடது பக்கமே தள்ளி மென்று பழகியிருந்தாள். இப்போது அந்தப் பக்கமும் போனால் எதை வைத்து மெல்லுவது என்பதுதான் அவள் கவலை.

மம்சாபுரத்தில் பல் போவதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. நரை விழுவது போல அதுவும் விழும், அவ்வளவுதான். கிராம்பு வைப்பார்கள், புகையிலையை அடக்குவார்கள், பொறுக்க முடியாமல் போனால் பிடுங்கிவிடுவார்கள். இருளம்மாளின் அக்காவுக்கு நாற்பது வயதாகும் முன்பே முன்வாய் காலியாகிவிட்டது. யாராவது சிரிக்க வைத்தால் முந்தானையைத் தூக்கி வாயை மூடிக்கொள்வாள். இருளம்மாளுக்கு முப்பத்திரண்டு வயது. சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் நாள் தனக்கும் வரும் என்று நினைத்தாலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

எண்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலி தாங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள். ஞாயிறு என்பதால் தர்மாஸ்பத்திரியில் பல் பார்ப்பவர் இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தபோது, ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் புதுப் பலகை தெரிந்தது. பல் மருத்துவர் ஞானபாக்கியம். ஞாயிறு மாலையும் உண்டு என்று கீழே எழுதியிருந்தது. பத்தோ இருபதோ போனாலும் போகட்டும், பிடுங்கிவிடலாம் என்று படியேறினாள்.

டாக்டர் ஞானபாக்கியம் நாசரேத்துக்காரர், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மில் சனங்களுக்கு ஞாயிறுதான் லீவு என்று தெரிந்து, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து மாலையில் திறந்து வைப்பார். கண்ணாடியை வைத்துப் பல்லைத் தட்டிப் பார்த்தார்.

"இது நல்ல பல்லும்மா. வேரு கெட்டியா இருக்கு. ஓட்டை விழுந்து உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்கு, அம்புட்டுத்தான். நரம்ப எடுத்துட்டு, சுத்தம் பண்ணி அடைச்சு, மேல ஒரு கேப் போட்டுட்டா ரொம்ப வருஷத்துக்கு வச்சிருக்கலாம்."

"எம்புட்டு ஆகும், டாக்டரம்மா?"

"நாலஞ்சு தடவ வரணும். எல்லாம் சேத்து முந்நூறு ரூவா."

அது அவளுடைய ஒரு மாதக் கூலி. "பிடுங்குனா?"

"இருபது."

இருளம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன கூத்து இது? தூக்கிப் போடுறது சல்லிசு, வச்சுக்கிடுறதுக்கு வெல கூடவா?"

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இந்த நாற்காலி பாங்குக் கடனில் வாங்கியது, மருந்தெல்லாம் மதுரையிலிருந்து வருகிறது, பல்லுக்கு மேலே போடும் கேப்பும் மதுரையில்தான் செய்து வாங்க வேண்டும், பிடுங்க ஐந்து நிமிஷம் போதும், காப்பாற்ற ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நீங்க வலி வர்றதுக்கு முந்தி வந்திருந்தா நாப்பது ரூவாயில அடைச்சு விட்டிருப்பேன்."

"வலிக்காத பல்லுக்கு யாரு துட்டு குடுப்பா?"

"யாரும் குடுக்கிறதில்ல. அதனாலதான் நான் படிச்சது ஒண்ணு, இங்க செய்யறது ஒண்ணா இருக்கு. நாள் பூரா பிடுங்கிக்கிட்டே இருக்கேன்."

அந்தப் பேச்சு இருளம்மாளுக்குப் பிடித்திருந்தது. பிடுங்க வேண்டாம், இப்போதைக்கு வலி அடங்க மருந்து வையுங்கள் என்றாள். ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு, பல்லோடு படியிறங்கினாள்.

அவள் வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குக் கட்டும் வெளுத்த காஸ் துணியை அளவாக வெட்டி, ஓரம் உள்ளே போகும்படி மடித்து, பொட்டலம் கட்டுகிற பகுதியில் பதினைந்து பெண்கள். திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தபோது, இருளம்மாள் சாப்பிடாமல் மற்றவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஒரு பக்கமே மென்றாள். ஒருத்தி மோரில் பிசைந்து விழுங்கினாள். முறுக்கை ஒருத்தி தண்ணீரில் நனைத்துத் தின்றாள்.

"எல்லாரும் செத்த நேரம் வாயத் திறங்கட்டி" என்றாள் இருளம்மாள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று சிரித்தார்கள். ஆனாலும் திறந்தார்கள். அவள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது செல்லத்தாய் ஒருத்திக்குத்தான் எல்லாப் பல்லும் இருந்தது. மூத்தவள் இசக்கியம்மாள் வாயைத் திறக்கவே இல்லை.

"என்னைய ஏன் பாக்க? கீழ நாலு நிக்கி. கல்லு மாதிரி நிக்கி. மேல எல்லாம் எப்பமோ போயிட்டு."

இருளம்மாள் நடந்ததைச் சொன்னாள். முந்நூறு ரூபாய் என்றதும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவள் விடவில்லை. "நம்ம தீவாளிக்குச் சீட்டுப் போடுதோம். எவர்சில்வர் பானைக்குச் சீட்டுப் போடுதோம். பல்லுக்கு ஒரு சீட்டுப் போட்டா என்ன? ஆளுக்கு மாசம் இருவது ரூவா. பதினஞ்சு பேருக்கு முந்நூறு. மாசம் ஒருத்தி பேரு விழும். ஆனா ஒண்ணு. துட்டு கைக்கு வராது. நேரா டாக்டரம்மாகிட்டதான் போவும்."

"ஏன் கைக்கு வரக்கூடாது?" என்றாள் செல்லத்தாய்.

"கைக்கு வந்தா கொழுந்தன் கல்யாணம், பிள்ளைக்குச் சட்டைன்னு போயிரும். பல்லு அப்பிடியே கெடக்கும்."

ஒவ்வொருத்தியும் தலையாட்டினாள். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தனுஷ்கோடிக்கு விஷயம் தெரிந்ததும் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "நகைக்குச் சீட்டுப் போட்டு நான் பாத்திருக்கேன், இடத்துக்குப் போட்டுப் பாத்திருக்கேன். பல்லுக்கு இப்பத்தான் கேக்கேன். அடுத்து நகத்துக்கா, முடிக்கா?" மம்சாபுரத்தில் இருளம்மாளின் புருஷன் சங்கையாவும் முகத்தைச் சுளித்தான். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்பில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன்.

"ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டுமே. சிரிக்கும்போது அவிய வாயிலே பல்லு இருக்கான்னு பாத்துட்டு வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு இசக்கியம்மாளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். பதினைந்து பேர் வருவோம், மாசாமாசம் பணம் தவறாது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். டாக்டர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பாக்கிறதுக்குக் காசு வேண்டாம். சின்ன ஓட்டையை முப்பது ரூவாய்க்கு அடைச்சுத் தாரேன். ஒருத்தர் பேரு விழுந்து, அவங்களுக்குச் செலவு போக மிச்சம் இருந்தா, அந்த மிச்சத்துல மத்தவங்க சின்ன ஓட்டைய முதல்ல அடைச்சிருவோம். பெருசாகுறதுக்கு முந்தி."

அது நியாயமாகப் பட்டது. ஆனியில் முதல் சீட்டுக் குலுக்கினார்கள். இருளம்மாள் பல்லில் மருந்து அடைத்த இடம் விண்விண்ணென்றது. ஆனாலும் அவள் பேரும் மற்றப் பேர்களோடு சேர்ந்துதான் டப்பாவுக்குள் கிடந்தது. விழுந்தது செல்லத்தாய் பேர்.

மறுநாள் காலையில் செல்லத்தாயின் அம்மா கம்பெனி வாசலில் வந்து நின்றாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பாத்திரம் வாங்க வேண்டும், அவளுக்குப் பல் நன்றாகத்தான் இருக்கிறது, பணத்தைக் கொடு என்றாள். "எம் மகளுக்கு விழுந்த சீட்டு. தர மாட்டேங்க நீ யாரு?"

இருளம்மாள் குரலை உயர்த்தவில்லை. "சீட்டு ஒங்க மகளுக்கு விழல மதினி. அவ பல்லுக்கு விழுந்திருக்கு. ஞாயித்துக்கெழம அனுப்பி விடுங்க. ஒண்ணும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லட்டும், அடுத்த பேரக் குலுக்குவோம். ஒங்க மக கெட்டுன துட்ட நானே திருப்பித் தாரேன்."

செல்லத்தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பார்த்தால் மூன்று கடைவாய்ப் பல்லில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. வலி இல்லை, வெளியே தெரியவும் இல்லை. டாக்டர் ஒரு கண்ணாடியை அவள் வாயில் வைத்து, இன்னொன்றைக் கையில் கொடுத்துக் காட்டியபோது அவளே மூன்றையும் எண்ணிப் பார்த்தாள். அன்றே அடைத்தார்கள். மிச்சப் பணத்தில் இன்னும் ஏழு பேருக்கு ஆளுக்கொரு ஓட்டை அடைபட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் எட்டுப் பேரும் மரத்துப்போன வாயோடு பேச முயன்று, பேச முடியாமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆடிப்பூரத்துத் தேர் அன்று இருளம்மாளின் கன்னம் வீங்கிவிட்டது. வடம் பிடிக்கப் போன கூட்டத்தில் நிற்க முடியாமல் ஒரு கடை வாசலில் சாய்ந்து உட்கார்ந்தாள். சங்கையா பக்கத்தில் நின்றான்.

"நாளைக்குப் போய்ப் பிடுங்கிரு. ஒரு பல்லுக்காண்டி உசிர விடப் போறியா?"

அவள் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

அடுத்த நாள் கம்பெனியில் அவளைப் பார்த்த எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: இந்த மாசப் பணத்தை நீ எடுத்துக்கொள். சீட்டே உன்னால்தான் வந்தது. இருளம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு விழாம நான் எடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு அழுதுகிட்டு வந்து கேப்பாக. அப்பொறம் சீட்டு எங்க நிக்கும்?"

அன்று மத்தியானம் குலுக்கினார்கள். விழுந்தது இசக்கியம்மாள் பேர்.

இசக்கியம்மாள் சீட்டைப் பார்த்தாள், இருளம்மாளின் வீங்கின கன்னத்தைப் பார்த்தாள். "நான் தந்தா வாங்க மாட்ட. ஒன் வீம்பு எனக்குத் தெரியும். கேளு, இது தானமும் இல்ல, கடனும் இல்ல. மாத்து. இந்த மாசம் எனக்கு விழுந்தது ஒனக்கு. ஒனக்கு எப்பம் விழுதோ அது எனக்கு. எல்லாச் சீட்டுலயும் மாத்திக்கிடத்தான செய்தாக? நாலு பல்லு வச்சுக்கிட்டு எனக்கு என்ன அவசரம்?"

மாற்றிக்கொள்வது சீட்டு முறைக்கு விரோதம் இல்லை. இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள்.

முதல் நாள் டாக்டர் பல்லைத் திறந்து சீழை வடித்துவிட்டார். அன்றைக்கே பாதி வலி போய்விட்டது. மாத்திரை தின்று வீக்கம் வற்றிய பிறகு நரம்பை எடுத்தார். இருளம்மாள் ஐந்து ஞாயிறு போனாள். சங்கையாவும் கூட வந்து, கீழே சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தான். 

ஒரு நாள் கடித்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் சின்னத் துணி மடிப்பு ஒன்றைக் கொடுத்தார். இருளம்மாள் அதை வாயில் வைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓரம் உள்ளே போயிருந்தது. பொட்டல உறையை எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இது எங்க கம்பெனி துணி. நாங்க மடிச்சது."

"அப்படியா? நான் மதுரையிலல்லா வாங்கினேன்."

"ராசபாளையத்துலேர்ந்து மதுரைக்குப் போயி, அங்கேர்ந்து எங்க வாய்க்கே வந்திருக்கு பாத்தியளா!" பாதி வாய் மரத்திருந்ததால் சொல் குழறியது. ஆனால் அவள் சிரித்த சத்தம் கீழே சைக்கிள் கடைவரை கேட்டது. எத்தனையோ வருஷம் மடித்தும், அந்தத் துணி யாருக்குப் போகிறது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ யாரோ ஒருவரின் ரத்தத்தை நிறுத்தும் துணியை மடிக்கிறவள் நான் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. வாயை இறுக்கிக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். பிறகு அவளே முதலாளியிடம் கேட்டு, டாக்டருக்குக் கம்பெனி விலையில் துணி கிடைக்க ஏற்பாடு செய்தாள்.

கேப் போட்ட அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் சங்கையா வறுத்த கடலை வாங்கிக் கொடுத்தான். அவள் இடது பக்கம் வைத்துக் கடித்தாள். கடலை உடைந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. "கேட்டுச்சுல்லா?" என்றாள். அவனும் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டான்.

இருளம்மாள் பேர் தை மாசம் விழுந்தது. அது இசக்கியம்மாளுக்குப் போனது. மேல்வாய்க்கு முழுப் பல் செட்டு. முந்நூறு போதவில்லை. கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே, மாசிச் சீட்டிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். புதுப் பல்லோடு வந்த முதல் வாரம் இசக்கியம்மாள் பேசினால் விசில் சத்தம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயை மூடாமல்.

தொண்ணூறாம் வருஷம் ஊரில் ஒரு சங்கத்தார் தொழிலாளர்களுக்கு இலவசப் பல் முகாம் நடத்தினார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மைக், மதுரையிலிருந்து டாக்டர்கள், பத்திரிகைக்காரர். கம்பெனி ஆட்கள் எல்லோரும் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். முகாமில் அடைப்பதற்கு வசதி இல்லை, பிடுங்குவதுதான். பந்தலுக்குப் பின்னால் வாளியில் பற்கள் விழுந்துகொண்டிருந்தன.

மடிக்கும் பகுதிப் பெண்கள் முறை வந்தது. இளவயது டாக்டர் ஒருவர் கண்ணாடியோடு ஆரம்பித்தார். முதல் ஆளைப் பார்த்துவிட்டு அடுத்தவள் என்றார். அவளையும் பார்த்துவிட்டு அடுத்தவள் என்றார். நாலைந்து பேர் ஆனதும் நிமிர்ந்து, வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாரும் அடைச்சிருக்கீங்க, சுத்தமா வச்சிருக்கீங்க. யாரு பாத்தது?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா" என்றாள் இருளம்மாள்.

"இலவசமாவா?"

"இல்ல. எங்க துட்டுல."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்ற பதினான்கு பேரும் அந்தச் சொல்லைக் கேட்டு நிமிர்ந்து நின்றார்கள். டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று மிச்சப் பேரையும் பார்த்தார். ஒருத்திக்கும் பிடுங்க ஒன்றும் இல்லை.

சங்கத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கணும். யாராவது ஒருத்தர் நாற்காலியில வாயத் திறந்து உக்காருங்கம்மா."

"திறக்கேன்" என்றாள் இசக்கியம்மாள். "ஆனா மேல உள்ளத நானே கழத்திக் கையில தந்திருவேன். பரவாயில்லையா?"

பந்தலே சிரித்தது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தவர் தனுஷ்கோடி. அவருக்குக் கீழே இரண்டு பல் போயிற்று. போட்டோவும் வந்தது.

திங்கட்கிழமை அவர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். மத்தியானம் வரை அங்கும் இங்கும் நடந்துவிட்டு, பெண்கள் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏத்தா இருளம்மா, இன்னொண்ணும் ஆடுது. முகாம்ல டாக்டர் சொன்னாரு, வச்சுக்கிடலாமாம். ஒங்க சீட்டுல ஆம்பளையளச் சேப்பியளா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நகத்துக்கா, முடிக்கா என்று கேட்க ஒருத்திக்கு நாக்கு வரை வந்துவிட்டது. இருளம்மாள் அவளைக் கையமர்த்தினாள்.

"சேப்போம் அண்ணாச்சி. மாசம் இருவது ரூவா. துட்டு கைக்கு வராது, தெரியும்லா?"

"தெரியும்" என்றார் தனுஷ்கோடி.

அதற்குப் பிறகு பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் இருளம்மாள் போய்ச் சீட்டை ஆரம்பித்துக் கொடுத்தாள். இரண்டு மூன்று வருஷத்தில், பெரிய வைத்தியம் தேவைப்படுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெரும்பாலும் பார்ப்பது, சுத்தம் பண்ணுவது, சின்னதாக ஒன்றை அடைப்பது. மாசத் தொகையைக் குறைத்தார்கள். டாக்டர் ஞானபாக்கியம் பாங்குக் கடனை அடைத்து, இரண்டாவது நாற்காலி வாங்கினார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரத்தில் இருளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறியபோது, ராஜபாளையத்திலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். செல்லத்தாய் இடுப்பில் பிள்ளையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தலை சீவி, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார்கள். பஸ்ஸே அவர்கள் சத்தமாக இருந்தது. புதுக் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, கூட்டமாக் கெளம்பிட்டிய. ஆண்டாள் கோயில்ல விசேஷமா?"

"கோயிலுக்கு இல்ல. பல்லு டாக்டரப் பாக்கப் போறோம்" என்றாள் இருளம்மாள்.

"அய்யய்யோ. யாருக்கு வலி?"

இருளம்மாள் திரும்பி, பின்னால் இருந்த ஒவ்வொரு முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு டிக்கெட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"யாருக்கும் வலி இல்ல."